கலப்பு பின்னத்தைத் தகா பின்னமாக்க ஏன் பெருக்கிக் கூட்டுகிறோம்?

2¾-ஐத் தகா பின்னமாக்க (முழு எண்ணைத் தனியே வைக்காமல், எல்லாவற்றையும் ஒரே பின்னமாக எழுத), 2-ஐ 4-ஆல் பெருக்கி 3-ஐக் கூட்டச் சொல்வது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் பூம்பாறை மலைப்பூண்டை வைத்தே பார்ப்போம். தராசில் இரண்டே முக்கால் கிலோ. அதைக் கால் கிலோ பைகளாகக் கட்ட வேண்டும். ஒரு கிலோவுக்கு 4 பை என்றால் இரண்டு கிலோவுக்கு 8. மிச்சமுள்ள முக்கால் கிலோவுக்கு 3. ஆக மொத்தம் 11 பை, ஒவ்வொன்றும் கால் கிலோ. அதுதான் 11/4. முழுக் கிலோவைக் கால்களாக உடைக்கத்தான் அந்தப் பெருக்கல். பூண்டு ஒரு பல்கூடக் கூடவில்லை.

பையின் அளவு மாறாததால் பகுதி, அதாவது கீழே உள்ள எண் 4, அப்படியே நிற்கும். என் மகன் அதையும் பெருக்கி 11/8 என்று எழுதினான். ஒன்றரை கிலோகூட வராதே, மீதிப் பூண்டு எங்கேடா என்றேன்!

சரிபார்க்க, 11-ஐ 4-ஆல் வகுங்கள்: ஈவு 2, மீதி 3. அதாவது அதே 2¾.