ஃப்ரெடி மேடையில் உச்ச ஸ்தாயியை விட்டுக் கீழே இறங்கிப் பாடுவது ஏன்?
அண்ணாச்சி, குவீன் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் 1979 லைவ் ஆல்பத்தில் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியின் குரல் கரகரவென்று இருக்கிறது, உச்ச ஸ்தாயி வரும் இடத்தில் கீழே இறங்கிப் பாடிவிடுகிறார், அப்படியென்றால் ஸ்டூடியோவில் ஏமாற்றினாரா என்று கூட்டாளி கேலி செய்வதாக எழுதியிருந்தீர்கள். இறங்குவது உண்மைதான், மறுக்க வேண்டாம். மேடையில் பல இடங்களில் உச்சத்தை டிரம்ஸ் வாசிக்கும் ரோஜர் டெய்லரிடம் விட்டுவிட்டு இவர் கீழே பாடுவார். ஸ்டூடியோவில் ஒரு வரியைப் பத்துத் தடவை பாடி நல்லதை எடுத்துக்கொள்ளலாம், ஒரே குரலை அடுக்கடுக்காகப் பதியலாம். டூரில் நாளைக்கும் அதே தொண்டை வேண்டுமே!

நான் பாளையங்கோட்டைப் பக்கம் மைக்செட் வேலை பார்த்தவன். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரும் வில்லுப்பாட்டுக்காரர் முதல் நாள் ராத்திரி கணீரென்று பாடுவார், மறுநாள் மதியம் பனங்கற்கண்டையும் மிளகையும் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, உச்சம் வரும்போது பின்பாட்டுக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். அதற்காக அவருக்குப் பாட வராது என்று ஊரில் ஒருத்தரும் சொன்னதில்லை.

அப்புறம், மேடை மைக்குகளெல்லாம் வந்து சேரும் மிக்சர் கருவியிலிருந்து நேராக எடுக்கும் பதிவில் அரங்கத்தின் எதிரொலி அவ்வளவாகச் சேராது, அதனால் மூச்சும் கரகரப்பும் அப்பட்டமாகக் கேட்கும். கூட்டத்துக்குள் வைத்துப் பதிந்தால் அதெல்லாம் அமுங்கிப்போகும்.

சரி, கூட்டாளிக்கு 1985 ஜூலை 13 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் நடந்த லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் கச்சேரியில் குவீன் பாடிய பதிவைப் போட்டுக் காட்டுங்கள். வாத்தியமே இல்லாமல் கூட்டத்தைத் திருப்பிப் பாட வைக்கிறாரே, அந்த இடம். செல்போன் ஸ்பீக்கரில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.