ஜாமீன் பணம் கட்ட முடியாதவரை விசாரணை முடியும்வரை சிறையில் வைப்பதைத் தவிர வேறு வழி இல்லையா?

வெளிநாடுகளில் பணம் கேட்காமல், ‘இடர் மதிப்பீடு’ (வெளியே விட்டால் விசாரணைக்கு வருவாரா, ஆபத்தானவரா என்று கணிப்பது) செய்து, கண்காணிப்பில் வெளியே விடுகிறார்களாமே, அது நம் நாட்டுக்கு ஒத்துவருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒத்துவரும். ஆனால் அதில் ஒரு பாதியை எடுத்துக்கொள்ளலாம், மறுபாதியிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

நான் சட்டம் படித்தவன் அல்லன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன். இதுவரை நான்கு பையன்களுக்கு ஜாமீன்தாரராக நின்றிருக்கிறேன். நால்வரில் ஒருவன்கூட நீதிமன்றத்துக்கு வர வேண்டிய ஒரு தவணையும் தவறியதில்லை.

மூன்றாவது பையனின் கதையைச் சொல்கிறேன். 2023ஆம் ஆண்டு. அவனுக்கு இருபது வயது. லாரியில் செம்பனைக் குலை (எண்ணெய்ப்பனைப் பழக்குலை) ஏற்றிவிட்டால் அறுபது வெள்ளி (ரிங்கிட்) என்று கூப்பிட்டார்கள், போனான். குலை யாருடையது என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. வழியில் போலீஸ் லாரியை மறித்தது. முதலில் நான்கு நாள், பிறகு மூன்று நாள் தடுப்புக் காவல். இந்த வகை வழக்கில் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 117ஆம் பிரிவு அதற்கு மேல் இடம் கொடுப்பதில்லை. பிறகு மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, தண்டனைச் சட்டம் 379ஆம் பிரிவின்படி திருட்டுக் குற்றம் சாட்டினார்கள். ஜாமீன் நாலாயிரம் வெள்ளி, ஒரு நபர் உத்தரவாதம்.

லாரிக்காரருக்கும் அதே தொகைதான். அவருடைய தம்பி அன்று பிற்பகலே பணத்தைக் கட்டி அழைத்துப்போய்விட்டார். பையனின் தாய் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். அப்போது நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,500 வெள்ளி. சீட்டு எடுக்கவும் அவருக்கு முறை வரவில்லை. குலையை விற்றுக் காசாக்க நினைத்தவர் வீட்டில் தூங்கினார். அறுபது வெள்ளிக்கு ஏற்றியவன் முப்பத்தெட்டு நாள் சிறையில் இருந்தான்.

நான் அந்த நேரம் ஜொகூரில் மகள் வீட்டில் இருந்தேன். திரும்பி வந்த அன்று மாலையே அந்த அம்மா வாசலில் நின்றார். “கிராணி ஐயா, பணம் கேட்டு வரவில்லை. இவன் ஓடிப்போகிற பிள்ளை இல்லை என்று நீதிபதி ஐயாவிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை. அந்த ஒரு வார்த்தையைத்தான் நீதிமன்றம் முதலில் கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்பதற்கென்று அங்கே யாரும் நியமிக்கப்படவில்லை. நான் வங்கியில் சேமிப்புக் கணக்கு திறந்து, நாலாயிரத்தைப் போட்டு, புத்தகத்தை ஒப்படைத்து அவனை வெளியே கொண்டுவந்தேன். அதற்குள் தொழிற்சாலையில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். தவணை கட்டாததால் மோட்டார் சைக்கிளையும் இழுத்துப்போய்விட்டார்கள். உள்ளே அவனோடு இருந்த இன்னொரு பையன், ‘ஒப்புக்கொண்டால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்’ என்ற எண்ணத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று பிறகு சொன்னான். பண ஜாமீன் செய்கிற பெரிய கேடு இதுதான் என்று நினைக்கிறேன். குற்றம் செய்தானா இல்லையா என்ற கேள்வியே பின்னால் போய்விடுகிறது.

நம் சட்டம் இதை விரும்பவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 389ஆம் பிரிவு, ஜாமீன் தொகை ஆளை விசாரணைக்கு வரவழைக்கப் போதுமானதாக இருக்க வேண்டும், ஆனால் அளவுக்கு மிஞ்சக் கூடாது என்கிறது. அளவு யாருடைய அளவு என்பதில்தான் சிக்கல். இந்தியாவில் 1978இல் மோத்தி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவரிடம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்ட கீழ் நீதிமன்றம், அண்ணன் தம்பி உத்தரவாதத்தையும் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று தள்ளிவிட்டது. நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்தார். அடுத்த ஆண்டு ஹுசைனாரா காத்தூன் வழக்கில் நீதிபதி பகவதி இன்னும் தெளிவாகச் சொன்னார்: எத்தனை காலம் அந்த ஊரில் இருக்கிறார், என்ன வேலை, குடும்பம் உண்டா, யார் அவருக்காகப் பேசுவார்கள் என்று பாருங்கள்; ஊரில் வேர் இருக்கிறவரை, பணமோ ஜாமீன்தாரரோ கேட்காமல், சொந்தப் பிணையில் விடலாம்.

இந்த யோசனைக்கு முன்னோடி 1961இல் நியூயார்க்கில் தொடங்கிய மான்ஹாட்டன் ஜாமீன் திட்டம். கைதானவரிடம் சில கேள்விகள் கேட்டு, பதிலைச் சரிபார்த்து, பணமில்லாமல் விடும்படி நீதிபதிக்குப் பரிந்துரைத்தார்கள். முதல் மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 3,500 பேர் அப்படி வெளியே வந்தார்கள். தங்கள் தவறால் விசாரணைக்கு வராமல் போனவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

பிறகு கேள்விகள் மதிப்பெண்களாக மாறின. நியூ ஜெர்சி மாநிலம் 2017 முதல் ஒன்பது விவரங்களை வைத்து மதிப்பிடுகிறது: வயது, இப்போதைய குற்றச்சாட்டு வன்முறையா, வேறு வழக்கு நிலுவையில் உண்டா, முன்பு தண்டனை உண்டா, முன்பு தவணைக்கு வராமல் இருந்தாரா என்பன போன்றவை. பண ஜாமீன் அங்கே அநேகமாக மறைந்துவிட்டது. இல்லினாய் மாநிலம் 2023 செப்டம்பரில் அதை முழுதாகவே ஒழித்தது.

நான் தயங்குவது இந்த மதிப்பெண்ணிடம்தான். தவணைக்கு வராததை எண்ணுகிறார்கள், ஏன் வரவில்லை என்பதை எண்ணுவதில்லை. எங்கள் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குக் காலை பஸ் நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. மோட்டார் சைக்கிள் இல்லாத பையன் ஒன்பது மணிக்கு நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமானால் யாராவது ஏற்றிப்போக வேண்டும். ஒரு முறை தவறினால் அந்தத் தவறு அடுத்த வழக்கிலும் அவனைத் துரத்தும். பழைய முறைப்படி முகவரியையும் வேலையையும் கேட்டாலும் எங்களுக்குச் சிரமம்தான். தோட்டம் துண்டாடப்பட்டு, லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இடிக்கப்பட்டு, மூன்று வீடு மாறிய குடும்பத்தின் அடையாள அட்டையில் இன்றும் இல்லாத தோட்டத்தின் பெயர் இருக்கிறது. காகிதத்தைப் பார்த்தால் வேரில்லாதவன் போலத் தெரிவான். லயத்தில் கேட்டால் அவன் பாட்டன் பெயர்வரை சொல்வார்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் ஒரு மாவட்டத்தில் பயன்பட்ட மதிப்பீட்டு மென்பொருளைப் பத்திரிகையாளர்கள் 2016இல் ஆராய்ந்தபோது, மறுபடி குற்றம் செய்யாத கறுப்பினத்தவரை அது வெள்ளையரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு ‘ஆபத்தானவர்’ என்று தவறாகக் குறித்திருந்தது தெரிந்தது. அந்தக் கணக்கை இங்கே அப்படியே இறக்கினால் அடி யார்மேல் விழும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கண்காணிப்பில் விடுவது வேறு. அதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன், ஏனென்றால் அதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்டத்தில் விடியற்காலை பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, நடக்கும். வரிசையில் நிற்பவர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவோம். பதில் வராவிட்டால் மண்டோர் (மேற்பார்வையாளர்) லயத்துக்குப் போய்க் கதவைத் தட்டுவார். காய்ச்சலா, பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா, குடித்துவிட்டுப் படுத்திருக்கிறானா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தப் பையனுக்கு நான் செய்ததும் அதுவே. தவணைக்கு முதல் நாள் இரவு போன் செய்தேன், காலையில் காரில் ஏற்றிப்போனேன். வழக்கு எட்டு மாதம் இழுத்து, கடைசியில் அவன் விடுவிக்கப்பட்டான். நியூயார்க்கில் தவணையை நினைவூட்டிக் குறுஞ்செய்தி அனுப்பியதிலேயே வராதவர்களின் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. நாலாயிரம் வெள்ளி எங்கே, ஒரு குறுஞ்செய்தி எங்கே!

இதற்கு ஆள் ஏது என்று கேட்பார்கள். தண்டனை பெற்றவரை முன்கூட்டியே வெளியே விட்டுக் கண்காணிக்கும் பரோல் முறை மலேசியாவில் 2008 முதல் இருக்கிறது. குற்றவாளி என்று தீர்ப்பானவரைக் கண்காணிக்க அதிகாரி கிடைக்கும்போது, தீர்ப்பே வராதவனுக்குக் கிடைக்க மாட்டாரா?

என் மைத்துனர் சிறுதோட்டக்காரர். இரண்டு முறை குலையைப் பறிகொடுத்தவர். இப்படி விட்டால் திருடனுக்குப் பயம் போய்விடும் என்று என்னோடு சண்டை பிடிப்பார். அவர் கோபம் நியாயமானது. ஆனால் அவருடைய குலையைத் திருடிய கூட்டத்தின் தலைவன் பணம் கட்டி வெளியே வந்தவன்தானே! நியூ ஜெர்சியில் உண்மையிலேயே ஆபத்தானவர் என்றால், தனி விசாரணை நடத்தி, காரணம் எழுதி, ஜாமீனே இல்லாமல் உள்ளே வைக்கலாம். அப்போது பணமும் அவரைக் காப்பாற்றாது.

இப்போது உங்கள் வீட்டில் யாராவது இந்த நிலையில் இருந்தால், தொகை அறிவிக்கப்படும் முன்பே பேச வேண்டும். வழக்கறிஞருக்கு வசதி இல்லையென்றால் தேசியச் சட்ட உதவி அறக்கட்டளையின் வழக்கறிஞரைக் கேளுங்கள். தடுப்புக் காவல் கட்டத்திலேயே உதவுவார்கள். வீட்டாரின் சம்பளச் சீட்டு, வேலை இடத்துக் கடிதம், முன்பு வழக்கில்லை என்ற விவரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, 389ஆம் பிரிவைச் சொல்லித் தொகையைக் குறைக்கக் கேட்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை போலீஸ் நிலையத்தில் வந்து நிற்பது, கடப்பிதழை ஒப்படைப்பது போன்ற நிபந்தனைகளுக்குத் தயார் என்று நீங்களே முன்வந்து சொல்லலாம். குறைக்கவில்லையென்றால் உயர் நீதிமன்றத்துக்கு மனு செய்யலாம். பையனைச் சின்ன வயதிலிருந்து அறிந்த ஒருவரையும் அன்று நீதிமன்றத்துக்கு அழைத்துப்போங்கள். அவரைப் பேச விடுவார்களோ இல்லையோ, யார் வந்திருக்கிறார் என்று வழக்கறிஞர் எழுந்து சொல்லலாம்.