வேதத்தில் இது எங்கே இருக்கிறது? – கேள்வி பதில்

ஞாயிறு பள்ளியிலும் பிரசங்கத்திலும் கேட்டுப் பழகிய சில விஷயங்கள் வேதத்தில் அப்படியே இருக்கின்றனவா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டே படியுங்கள். நான் சொல்வதையும் சேர்த்துச் சரிபாருங்கள்.

ஐயா, கிறிஸ்துமஸ் நாடகத்தில் குழந்தை இயேசுவைப் பணிய வருகிறவர்கள் எப்போதும் மூன்று சாஸ்திரிகள்தான். இந்த வருஷம் நான்கு பையன்கள் அந்த வேஷம் கேட்கிறார்கள். போடலாமா?

தாராளமாகப் போடுங்கள். மத்தேயு 2-ல் எண்ணிக்கையே இல்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று. அதை வைத்து ஆளையும் மூன்றாக்கிவிட்டோம். அவர்கள் ராஜாக்கள் என்றும் மத்தேயு சொல்லவில்லை. அப்புறம், அவர்கள் வந்தது தொழுவத்துக்கு அல்ல, வீட்டுக்கு (2:11). ஏரோது ராஜா இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைக் கொல்லச் சொன்னதைப் பார்த்தால், பிள்ளை பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருக்கலாம். மேய்ப்பர்களையும் சாஸ்திரிகளையும் ஒரே மேடையில் நிறுத்துவது நாடகத்தின் வசதி. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால் போதும்.

ஏவாள் சாப்பிட்டது ஆப்பிளா?

ஆதியாகமம் 3-ல் 'கனி' என்றுதான் இருக்கிறது. ஆப்பிளை வரைந்து பிரபலமாக்கியவர்கள் ஐரோப்பிய ஓவியர்கள்.

மகதலேனா மரியாள் மனந்திரும்பிய விபசாரிதானே?

இல்லை. லூக்கா 8:2 அவளை ஏழு பிசாசுகள் நீங்கினவள் என்கிறது. இயேசுவின் ஊழியத்துக்குத் தங்கள் சொந்தப் பொருளால் உதவிய பெண்களில் அவளும் ஒருத்தி. அதற்கு முந்தின அதிகாரத்தில் இயேசுவின் பாதத்தில் அழுத பாவியான பெண்ணுக்குப் பெயரே இல்லை. 591-ல் ரோமில் போப் முதலாம் கிரகோரி ஒரு பிரசங்கத்தில் இருவரையும் ஒருத்தியாக்கிப் பேசினார், அது மேற்கத்திய சபைகளில் நிலைத்துவிட்டது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் இருவரையும் இப்படி ஒன்றாக்கவில்லை. கத்தோலிக்க சபையும் 1969-ல் திருநாட்காட்டியைத் திருத்தியபோது இந்த முடிச்சை அவிழ்த்துவிட்டது. யோவான் 20-ன்படி உயிர்த்தெழுந்தவரை முதலில் கண்டு, சீஷருக்குப் போய்ச் சொன்னவள் அவள். ஒரு ஆணின் பெயரில் இப்படி ஒரு பழி இத்தனை நூற்றாண்டு ஓடியிருக்குமா என்பது என் சந்தேகம்.

அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. "மாத்திரை போடுவது விசுவாசக் குறைவு" என்று ஜெபக்கூட்டத்தில் சொல்கிறார்கள். அம்மா பயந்துபோயிருக்கிறார்.

சகோதரி, முதல் காரியம்: மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்த விடாதீர்கள்.

அப்போஸ்தலன் பவுலின் கையால் எத்தனையோ பேர் சுகமானார்கள். அதே பவுல், தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்கும் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார் (1 தீமோ. 5:23). துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாகவே விட்டுவிட்டு வருகிறார் (2 தீமோ. 4:20). இவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று ஒரு வார்த்தை இல்லை. பிறவிக் குருடன் ஒருவனைக் குறித்து "யார் செய்த பாவம்?" என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு "இவனுமல்ல, இவன் பெற்றோருமல்ல" என்கிறார் (யோவான் 9:3).

அவர்கள் யாக்கோபு 5-ஐ எடுத்துக் காட்டுவார்கள். காட்டட்டும். விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும் என்று அங்கே இருக்கிறது. ஆனால் ஜெபம் செய்கிறவர்கள் யார்? சபையின் மூப்பர்கள். விசுவாசத்தை அளக்கத்தான் வேண்டும் என்றால் அவர்களுடையதை அல்லவா முதலில் அளக்க வேண்டும்! படுக்கையில் இருப்பவரை ஏன் விரட்டுகிறார்கள்?

புத்தாண்டு ஆராதனையில் எனக்கு எரேமியா 29:11 ('எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பேன்' என்ற வசனம்) வாக்குத்தத்த அட்டை வந்தது. இந்த வருஷம் வேலை கிடைத்துவிடும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

தம்பி, உனக்கு வேலை கிடைக்கட்டும். ஆனால் முந்தின வசனத்தைப் படி: பாபிலோனில் எழுபது வருஷம் ஆன பிறகுதான் மீட்பு. இது பாபிலோனில் சிறைப்பட்டிருந்த யூதருக்கு எரேமியா எழுதிய கடிதம்; அதை முதலில் கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்கவே முடியாது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்பதுதான் அவர்களுக்கு வந்த கட்டளை. தேவன் தம் ஜனத்தை மறக்கவில்லை என்ற ஆறுதலை எடுத்துக்கொள். தேதியை எடுத்துக்கொள்ளாதே.

தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு) கொடுக்காவிட்டால் சாபம் என்கிறார்கள். மல்கியா 3-ல் அப்படித்தானே இருக்கிறது?

இருக்கிறது. அது இஸ்ரவேலின் நியாயப்பிரமாணத்துக்குள், நிலத்தில் பங்கு இல்லாத லேவியருக்காக வந்த ஏற்பாடு. ஆனால் உபாகமம் 14:22-29-ஐ வைத்துப் பிரசங்கம் அபூர்வம். அங்கே தசமபாகத்தைக் குடும்பமாகக் கர்த்தருடைய சந்நிதியில் சாப்பிட்டுச் சந்தோஷப்படச் சொல்லியிருக்கிறது! மூன்றாம் வருஷத்தில் அது லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை ஆகியோருக்கு. ஆபிரகாம் நியாயப்பிரமாணத்துக்கு முன்பே கொடுத்தாரே என்பார்கள். கொடுத்தார், போரில் மீட்டுவந்தவற்றிலிருந்து. மாதாமாதம் கொடுத்ததாக இல்லை.

யூதரல்லாத புறஜாதிச் சபைகளுக்கு எழுதும்போது பவுல் பத்தில் ஒன்று என்று எங்கும் கேட்கவில்லை. அவனவன் தன் மனதில் நியமித்தபடி, கட்டாயமில்லாமல் என்கிறார் (2 கொரி. 9:7). மனதார பத்தில் ஒன்று கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும், நல்லதுதான். சாபம் என்று மிரட்டி வாங்குவதைத்தான் சரி என்று சொல்ல முடியவில்லை.

கடன் வாங்கியாவது காணிக்கை கொடுக்கச் சொல்கிறார்களே ஐயா?

2 கொரிந்தியர் 8:12-ஐப் படியுங்கள். ஒருவனிடம் இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று நேராகவே இருக்கிறது. வாங்கிய கடனை முதலில் அடையுங்கள்.