தண்ணீர்க் கணக்கும் ‘மாஸ்’ ஹீரோவும்

அன்புள்ள சார்,

ஓசூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் ‘டியூன்’ படத்தின் இரண்டு பாகங்களையும் பார்த்துவிட்டு, அதன் மூல நாவலைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தான். சொட்டுத் தண்ணீருக்கும் தவிக்கிற ஒரு பாலைவனக் கிரகத்தில் நடக்கும் கதை. முதல் நூறு பக்கம் பெயர்களே மண்டையைக் குடைந்தன. அப்புறம் தண்ணீர் வரும் இடங்களெல்லாம் என்னைப் பிடித்துக்கொண்டன. மாளிகைக்கு வெளியே இருபது பேரீச்சை மரங்கள். ஒரு மரத்துக்கு நாளைக்கு 40 லிட்டர், ஒரு ஆளுக்கு 8 லிட்டர், ஆக ஒரு மரம் ஐந்து ஆளுக்குச் சமம் என்று டாக்டர் கணக்குச் சொல்கிறாரே, அங்கே புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் குடக்கணக்கில் போட்டுப் பார்த்தேன்.

ஆனால் கதாநாயகன் பால் அட்ரெய்டிஸ் (Paul) என் மனசில் ஒட்டவே இல்லை. வெளியிலிருந்து வந்த ஒரு பிரபுவின் பிள்ளைதான் அந்த மண்ணிலேயே பிறந்தவர்களைக் காப்பாற்ற வேண்டுமா? அண்ணன் மகனுக்கு அவன்தான் ‘மாஸ்’. எங்கள் வாசிப்பு வட்டத்தில், “நீங்க பென்னாகரம், அதனால தண்ணிப் பிரச்சினை நாவலாப் படிச்சிட்டீங்க” என்று சிரித்தார்கள். நான் படித்த விதம் தப்பா? அடுத்த பாகத்தைப் படிக்கலாமா?

ஒரு வாசகி, பென்னாகரம், தருமபுரி மாவட்டம்

*

அன்புள்ள வாசகிக்கு,

சிரித்தவர்களிடம் ஒரு விஷயம் சொல்லுங்கள். எழுத்தாளர் ஃப்ராங்க் ஹெர்பர்ட்டை இந்த நாவலுக்குக் கொண்டுவந்ததே மணல்தான். 1950களில் அமெரிக்காவின் ஒரிகன் கடலோரத்தில், நகர்ந்து வந்து சாலைகளை மூடும் மணல்மேடுகளைப் புல் நட்டு நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றிப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதப் போனார் ஹெர்பர்ட். கட்டுரை வெளிவரவே இல்லை. ஆனால் அந்தத் தேடல் அவரை விடவில்லை, வளர்ந்து நாவலாகிவிட்டது. புத்தகத்தைச் சமர்ப்பித்திருப்பதும் வறண்ட நிலங்களை ஆராய்கிறவர்களுக்குத்தான். இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பி அனுப்பி, கடைசியில் கார் ரிப்பேர் கையேடுகள் போட்டுவந்த ஒரு நிறுவனம் 1965இல் அதை வெளியிட்டது. (அதே ஆண்டு அக்டோபரில்தான் தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. இதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, சும்மா சொல்லிவைக்கிறேன்.)

ஆக, தண்ணீரைப் பிடித்துக்கொண்டு படித்தது சரிதான். என் குறையெல்லாம், நீங்கள் பாதியிலேயே நிறுத்திவிட்டீர்கள் என்பது. தண்ணீர் இல்லாத ஊரின் கதை என்ற அளவில் நின்றுவிட்டீர்கள். பென்னாகரத்துக்காரருக்கு இதைவிட அதிகம் தெரியுமே! நம் பக்கம் போர் போட்டால் தண்ணீரே வராது என்பது மட்டுமா பிரச்சினை? வந்த தண்ணீரில் ஃப்ளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை. கிருஷ்ணகிரியில் இருக்கும் எனக்கும் இது தெரிந்த கதைதான், 2004 வரை ஒரே மாவட்டம்தானே நாம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, நாவலில் மணலுக்கடியில் வாழும் அந்த ராட்சத மணற்புழுக்களைப் பாருங்கள். புழுவுக்குத் தண்ணீர் விஷம். அந்தக் கிரகத்தின் செல்வமான ஸ்பைஸ் என்ற போதைப்பொருள் உண்டாவதோ புழுவின் வாழ்க்கைச் சுழற்சியில். அந்தப் பாலைவனத்தின் சொந்த மக்களான ஃப்ரெமென்கள் பூமிக்கடியில் கோடிக்கணக்கான லிட்டர் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். தாகத்தில் தவிப்பவன்கூட அதைத் தொடமாட்டான். மண் ஒருநாள் பச்சையாகும் என்ற கனவுக்காகச் சேர்த்தது அது. கனவு முழுசாகப் பலித்தால் புழு சாகும், ஸ்பைஸ் போகும், அவர்களை அவர்களாக ஆக்கிய பாலைவன வாழ்க்கையும் போகும். தண்ணீர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஹெர்பர்ட் எங்கேயும் சொல்லவில்லை.

இனி உங்கள் பால். அவன் மேல் உங்களுக்கு வந்த எரிச்சல் ஹெர்பர்ட்டுக்கே இருந்தது. இறைத்தூதன் வருவான் என்ற நம்பிக்கை ஃப்ரெமென்களிடம் தானாக முளைத்ததல்ல. பெனெ கெஸ்ஸெரிட் என்ற ரகசியச் சகோதரிகள் அமைப்பின் பெண்கள் தங்கள் ஆட்களுக்கு ஆபத்து வந்தால் உதவட்டும் என்று ரொம்ப காலத்துக்கு முன்பே விதைத்துவிட்டுப் போனது. பாலும் அவன் அம்மாவும் அதை அறுவடை செய்கிறார்கள், தெரிந்தேதான்.

அந்தக் கிரகத்தின் சூழலை ஆராயும் விஞ்ஞானி லியட் கைன்ஸ் சாகும் அத்தியாயத்தை இன்னொரு முறை படியுங்கள். நிறைய பேர் வேகமாகப் புரட்டிவிடும் இடம் அது. உடம்பின் ஈரத்தைக் காக்கும் உடையைப் பிடுங்கிக்கொண்டு எதிரிகள் அவரை மணலில் விட்டுவிடுகிறார்கள். வெயிலில் மயங்கிக் கிடக்கிறவருக்குச் செத்துப்போன அப்பாவின் குரல் கேட்கிறது. அப்பாதான் கிரகத்தைப் பச்சையாக்கும் திட்டத்தைத் தொடங்கியவர். முந்நூறிலிருந்து ஐந்நூறு வருஷம் ஆகும் என்று கணக்குச் சொல்லி, அதற்கும் ஜனங்களைச் சம்மதிக்க வைத்தவர். அந்தக் குரல் சொல்கிறது: ஒரு நாயகன் கையில் சிக்குவதைவிடப் பெரிய கேடு உன் மக்களுக்கு வரமுடியாது. படத்தில் கைன்ஸின் சாவு வேறு மாதிரி, இந்தப் பேச்சே கிடையாது. உங்கள் அண்ணன் மகன் படத்தை மட்டும் பார்த்திருந்தால் அவனைக் குறைசொல்ல முடியாது.

அதற்காக ஹெர்பர்ட்டை முழுக்கத் தப்பவிடவும் மாட்டேன். கத்திச் சண்டை, புழுச் சவாரி, பழிவாங்கல் என்று விசில் அடிக்கும்படி எழுதிவிட்டு, ஏன் விசில் அடிக்கிறாய் என்று கேட்டால் எப்படி? முதல் நாவலைத் தன் இதழில் தொடராகப் போட்ட ஆசிரியர் ஜான் கேம்பெல்லே மயங்கித்தான் போனார். இரண்டாம் பாகம் வந்தபோது, ஹீரோவை இப்படிக் கவிழ்ப்பதா என்று போட மறுத்துவிட்டார். 1969இல் அது வேறொரு இதழில் வந்தது. வாசகர்களிலும் பலருக்கு ஏமாற்றம்.

எனக்கு ஐந்நூறு வருஷத் திட்டம்தான் பிடித்த பகுதி. அதில் சண்டை இல்லை. புல் நடுவது, அது பிடித்ததா என்று பார்ப்பது, அடுத்த தலைமுறையிடம் விட்டுவிட்டுச் சாவது, அவ்வளவுதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் ஒரு ஆட்சியில் அடிக்கல் நாட்டினார்கள், 2013இல் இன்னொரு ஆட்சியில் திறந்தார்கள். கொண்டுவந்தது யார் என்று டீக்கடையில் இன்றைக்கும் சண்டை நடக்கிறது. நடுவில் ஐந்து வருஷம் குழாய் பதித்தவர்களைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

அடுத்த பாகத்தைத் தாராளமாகப் படிக்கலாம். முதல் பாகத்தில் பாதிகூட இருக்காது. பன்னிரண்டு வருஷம் கழித்து, பால் பேரரசன். அவன் பெயரால் நடந்த போர்களில் செத்தவர்கள் 6,100 கோடி பேர் என்று அவனே கணக்குச் சொல்லும் இடம் வரும். அண்ணன் மகனுக்கும் ஒரு பிரதி வாங்கிக் கொடுங்கள். படித்த பிறகும் ‘மாஸ்’ என்கிறானா என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்