96 மணி நேரச் சோதனையில் ஒரு மீனும் சாகவில்லை, அப்படியானால் வெள்ளி நானோ துகள் (கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணிய வெள்ளிப் பொடி) மீனுக்குப் பாதுகாப்பானதுதானே?

இல்லை. சோதிக்கும் பொருள் கலந்த நீரில் மீனை நான்கு நாள் விட்டுவைக்கும் அந்தச் சோதனை, எத்தனை மீன் செத்தது என்று எண்ணுகிறதே தவிர, பிழைத்த மீனின் உள்ளே என்ன ஆனது என்று பார்ப்பதில்லை.

முதுகலை ஆய்வுக்காக இதே வேலையைக் கெண்டைக் குஞ்சுகளில் செய்தேன். தொட்டியில் நன்றாகத்தான் நீந்தின, தீனி போட்டால் ஓடி வந்தன, செவுள் மூடி மட்டும் வழக்கத்தைவிட வேகமாகத் திறந்து மூடியது. அப்புறம் செவுளைப் பார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) போட்டு, மெழுகில் பொதித்து, 5 மைக்ரான் கனத்தில் சீவி, சாயம் ஏற்றிப் பார்த்தபோது எனக்குப் பகீரென்றது. நல்ல செவுளில் மெல்லிய தகடுகள் சீப்புப் பல் மாதிரி தனித்தனியாக நிற்கும். இதில் பல இடங்களில் மேல்தோல் கொப்புளம்போல எழும்பியிருந்தது, சில இடங்களில் பக்கத்துத் தகடுகளோடு ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டது. இதில் ஒரு பகுதி மீன் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்வதுதான்: தோல் தடித்தால் நஞ்சு இரத்தத்தை எட்டும் தூரம் கூடும், ஆனால் ஆக்சிஜனுக்கும் அதே தூரம்தானே, அதனால்தான் அந்த வேகமான மூச்சு.

இன்னொன்று, நன்னீர் மீன் சுற்றியுள்ள தண்ணீரிலிருந்து சோடியத்தைச் செவுள் வழியாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். துகளிலிருந்து நீரில் கரையும் வெள்ளி அயனி (மின்னேற்றம் பெற்ற வெள்ளி அணு), சோடியத்தை உள்ளே இழுக்கும் செவுள் செல்களின் பம்பையே அடைத்துவிடுகிறது, உப்பு கொஞ்சம் கொஞ்சமாக உடம்பைவிட்டுப் போகிறது. கல்லீரலில் கதை வேறு. அங்கே செல் சவ்வின் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தில் கெட்டு, செல்லுக்குள் வெற்றுக் குமிழிகளும் சுருங்கிக் கறுத்த உட்கருக்களும் தெரியும்.

சரி, இதெல்லாம் துகள் செய்ததா, அதிலிருந்து கரைந்த அயனி செய்ததா? வெள்ளி, செம்பு, துத்தநாக ஆக்சைடு நானோ துகள்கள் மூன்றும் நீரில் ஓரளவு கரைபவை, அதனால் அதே அளவு அயனி மட்டும் உள்ள தொட்டி ஒன்றைக் கூடவே வைக்காவிட்டால் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடைக்காது. டைட்டானியம் டை ஆக்சைடு அநேகமாகக் கரையாது, ஆனால் புற ஊதா ஒளி பட்டால் அதன் நச்சுத்தன்மை கூடும். தண்ணீரும் முக்கியம்: மட்கிய கரிமப் பொருள் இருந்தால் வெள்ளியின் வீரியம் பெரும்பாலும் குறையும், உப்பு நீரில் துகள்கள் திரண்டு அடியில் படியும்.

ஆய்வகத்தில் பலரும் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் போடுகிறோம். ஆற்று நீருக்கு மதிப்பிடப்படும் வெள்ளி நானோ துகளோ பெரும்பாலும் நானோகிராம் கணக்கில், அதாவது மில்லிகிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நான் பார்த்த செவுள் ஆற்று மீனிலும் அப்படியே இருக்கும் என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் மீன்கள் இன்னும் தொட்டியில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். முறைப்படி மயக்கி, துகள் போடாத தொட்டி மீனோடு சேர்த்துச் செவுளை உடனே பார்மலினில் போடுங்கள், செத்த மீனின் செவுள் சில நிமிடங்களிலேயே சிதையத் தொடங்கிவிடும், பிறகு எது நானோ துகளால் கெட்டது, எது தானாக அழுகியது என்று பிரிக்கவே முடியாது.