வாசகர் கேள்வி–பதில்: ஆறு பேர் குழுவில் இரண்டு பேர்தான் வேலை செய்கிறார்கள்!

எட்டாம் வகுப்பில் ‘எங்கள் ஊர்த் தண்ணீர்’ என்று செயல்திட்டம் கொடுத்து, ஆறாறு பேராகப் பிரித்தேன். குழுவுக்கு இரண்டு பேர் எழுத, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். தலைவர், எழுத்தர் என்று பொறுப்புக் கொடுத்தும் பலனில்லை.
– ஓர் ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை

முதலில் ஆறை நான்காக்குங்கள். பத்து நிமிடப் பேச்சில் ஆறு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு இரண்டு நிமிடம்கூடத் தேறாது. நான்கு பேர் என்றால் பெஞ்சையும் நகர்த்த வேண்டாம். முன் பெஞ்சு இருவர் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தால் போதும்.

பொறுப்புப் பெயர்கள் பலிக்காததற்குக் காரணம் இருக்கிறது. எழுத்தர் எழுதுவார், நேரம் பார்ப்பவர் கடிகாரத்தைப் பார்ப்பார். தண்ணீரைப் பற்றி யோசித்தே ஆக வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. மற்ற மூவரிடம் இல்லாத தகவல் ஒவ்வொருவர் கையிலும் இருந்தால்தான் ஒருவரையொருவர் கேட்பார்கள். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், வெவ்வேறு இனப் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்த 1971-இல், உளவியலாளர் எலியட் அரான்சன் வகுத்த ‘ஜிக்சா’ முறை இதுதான்.

உங்கள் தலைப்புக்கு இப்படிப் பிரிக்கலாம். ஒன்றாம் எண் பிள்ளைக்குக் கிணற்று மட்டம்: பெரியவர் ஒருவர் துணையோடு, காலையில் மோட்டார் போடுமுன் கயிற்றில் கல் கட்டி இறக்கி அளந்து, கைப்பிடிச் சுவரின் உயரத்தைக் கழிக்க வேண்டும். இரண்டாம் எண்ணுக்கு மழை: நேர்ச்சுவர் உள்ள பாட்டிலின் மேல்பகுதியை வெட்டிக் கவிழ்த்துச் செருகி, அடியில் வளைவு உள்ள பகுதியைக் கூழாங்கல்லும் தண்ணீரும் போட்டு நிரப்பி, அந்த மட்டத்தைச் சுழியம் என்று குறிக்கட்டும். அதற்கு மேல் சேரும் மில்லிமீட்டர்தான் மழையளவு. மூன்றாமவர் வாய்க்காலில் தண்ணீர் விட்ட நாட்களை விவசாயிகளிடம் கேட்டு வரட்டும். நான்காமவர் நெல், தென்னை, நிலக்கடலை பயிரிட்ட பரப்பைக் குறிக்கட்டும்.

தகவல் சேர்ந்ததும் இரண்டு பீரியடு ஒதுக்குங்கள். முதல் பீரியடில் ஒரே எண்காரர்கள் கூடிக் கணக்குகளை ஒப்பிடுவார்கள். 40 பேர் வகுப்பில் ஒரு எண்ணுக்குப் பத்துப் பேர் வருவார்கள், அது சந்தைக்கடை ஆகிவிடும். ஐந்து ஐந்தாகப் பிரித்துவிடுங்கள். அடுத்த பீரியடில் சொந்தக் குழுவுக்குத் திரும்பி, ஆளுக்கு நான்கு நிமிடம் மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். பெரும்பாலும் காரியம் கெடுவது இங்கேதான்: நோட்டைத் திறந்து கடகடவென்று வாசித்துவிடுவார்கள். நோட்டை மூடச் சொல்லுங்கள். ஐந்து சொற்களும் ஒரு படமும் உள்ள ஒரு அட்டை மட்டும் கையில் இருக்கட்டும். முடிவில் நான்கு பகுதியிலிருந்தும் கேட்ட ஐந்து கேள்விகளுக்குத் தனித்தனியே பதில் எழுதச் சொல்லுங்கள். அன்று வராத பிள்ளையின் பகுதிக்கு நீங்களே ஒரு பக்கக் குறிப்பு வைத்திருப்பது நல்லது.

கலந்துரையாடு என்றால் வகுப்பு ஊமையாகிறது, அல்லது கூச்சல் போடுகிறது.
– ஓர் ஆசிரியர், கொல்லங்கோடு

கேள்வியை மாற்றிப் பாருங்கள். ‘தண்ணீர் போதுமா?’ என்றால் ‘போதாது சார்’ என்பதோடு பேச்சு முடிந்தது. கேரளமும் தமிழ்நாடும் ஆற்றுத் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தானது. கேரளத்தின் சித்தூர்ப்புழை ஆற்றுக்கு மணக்கடவு என்ற இடத்தில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) என்பது அதன் கணக்கு. ‘அது முழுக்க வந்தாலும் கடைமடை வயலுக்கு எட்டுமா? எதை வைத்துச் சொல்கிறாய்?’ என்று கேளுங்கள். நம் எல்லையில் தண்ணீர்ப் பேச்சு சட்டென்று ‘அவங்க விடல’ என்று போய்விடும். வீட்டில் கேட்டதா, அளந்து பார்த்ததா என்று பிள்ளைகளே பிரித்துச் சொல்லட்டும். பெரியவர்களுக்கும் அது வராத கலை.

கேட்டவுடன் யாரையும் எழுப்பாதீர்கள். ஒரு நிமிடம் தனியே எழுதி, இரண்டு நிமிடம் பக்கத்திலிருப்பவரிடம் பேசி, பிறகு வகுப்புக்குச் சொல்லட்டும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறத்தாழ ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று நொடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே காட்டினார். பிள்ளை பேசி முடித்த பின்னும் அதே பொறுமை வேண்டும். குழுவுக்கு அருகே போகும்போது பேசுகிறவரின் முதுகுப் பக்கம் நில்லுங்கள். எதிரில் நின்றால் எல்லோரும் உங்களிடமே பேசுவார்கள்.

என் மகள்தான் எல்லாம் செய்கிறாள், மார்க் மட்டும் எல்லோருக்கும் ஒன்று. நியாயமா?
– ஒரு தாய், குமுளி

நியாயமில்லை. டீச்சரிடம் பேசிப் பாருங்கம்மா. கேரளப் பத்தாம் வகுப்புத் தேர்வான எஸ்.எஸ்.எல்.சி.யில் 80 மார்க் தாளோடு 20 மார்க் சி.இ. (ஆண்டு முழுக்க நடக்கும் தொடர் மதிப்பீடு) சேர்கிறது, சின்ன வகுப்பிலேயே பழக்கம் சரியாக வேண்டும். பத்து மார்க் என்றால் குழுவின் படைப்புக்கு நான்கு, தனி நோட்டுக்கு மூன்று, யாரை வேண்டுமானாலும் எழுப்பிக் கேட்கும் கேள்விக்கு மூன்று என்று வைக்கலாம். கூடவே, மற்றவர்களின் பங்கையும் மகள் வீட்டுக்குக் கொண்டுவந்து செய்யும்படி விடாதீர்கள்.

தமிழ் வழி வகுப்பு. குழுவில் விட்டால் பாதிப் பேர் தெலுங்கில் பேசுகிறார்கள்.
– ஓர் ஆசிரியர், நகரி

பேசட்டும். யோசிக்கிற நேரத்தில் மொழியைத் தடுத்தால் யோசனையும் நின்றுபோகும். ஆனால் அட்டையில் எழுதுவதும் வகுப்புக்குச் சொல்வதும் தமிழில் இருக்க வேண்டும். தெலுங்கே தெரியாத பிள்ளையைத் தனியாக அந்தக் குழுவில் போடாதீர்கள், துணைக்கு இன்னொருவரைச் சேர்த்துவிடுங்கள்.