அடங்குதல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் அடக்கமுடைமை அதிகாரத்தைப் படித்துவிட்டு, "எப்போது பார்த்தாலும் 'அடங்கு, அடங்கு' என்று அதட்டுகிறீர்களே, வள்ளுவரும் அதைத்தானே சொல்கிறார்?" என்று கேட்டான். பதில் சொல்ல வரவில்லை. பயந்து ஒடுங்குவதா அடங்குவது? அடக்குவதற்கும் இதற்கும் என்ன உறவு? எங்கள் கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலும் இதே சொல்தானா?

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஆம், அதே சொல்தான். எந்தப் புல எண்ணில் எவ்வளவு பரப்பில் என்ன பயிர் நிற்கிறது என்று ஊரின் சாகுபடி முழுவதும் அந்தக் கணக்குக்குள் வந்துவிடுகிறது, அதனால் அடங்கல். மாந்தோப்பில் "இத்தனை காயும் இந்தப் பெட்டியில் அடங்காது" என்கிறோம். ஒகேனக்கல்லில் வெள்ளம் வந்தால் "தண்ணீர் அடங்கட்டும், பரிசல் விடலாம்" என்கிறார்கள். தன் எல்லைக்குள் நிற்பதுதான் அடங்குதல். வெள்ளம் அடங்கினால் காவிரி குறைபட்டுப் போவதில்லை, கரைக்குள் ஓடுகிறது. ஒடுங்குவது வேறு, ஒடுங்கினால் சிறுத்துப்போகும். உங்கள் மகனின் குழப்பம் இந்த இரண்டையும் நாம் ஒன்றாக்கிவிட்டதால் வந்தது.

திருந்து, திருத்து போலத்தான் அடங்கு, அடக்கு. முதலாவது தன்வினை, இரண்டாவது பிறவினை. திருந்துகிறவன் தானே திருந்த வேண்டும், அடங்குகிறவனும் அப்படியே. ஆகவே ஒருவனைப் பார்த்து "அடங்கு" என்று அதட்டும்போது, அவனே செய்ய வேண்டியதை நாம் பறித்துக்கொள்கிறோம். அவன் வாயை மூடிக்கொண்டாலும் அங்கே நடந்தது அடக்குதல்தான். துணைவினையும் இதைக் காட்டிக்கொடுக்கும். 'அடங்கியிருந்தான்' என்றால் விருப்பம் தெரிகிறது. 'அடங்கிப்போனான்' என்றால் தோல்வி தெரிகிறது.

2020 மார்ச் 22 அன்று ஒரு நாள் வீட்டிலேயே இருக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். பத்திரிகைகள் அதைச் 'சுய ஊரடங்கு' என்று எழுதின. மூன்றே நாளில், 25ஆம் தேதி முதல், அது சட்டத்தின் கட்டளையாகிவிட்டது. 'சுய' உதிர்ந்தது, 'ஊரடங்கு' நின்றது. அதற்கு முன்பெல்லாம் எங்கள் வீட்டில் "ஊர் அடங்கிய பிறகு" என்றால் விளக்கணைத்து எல்லோரும் தூங்கிய நேரம். எவ்வளவு அமைதியான சொல்!

இந்தச் சொல்லுக்கு நாம் செய்த பெரிய தீங்கு, அதை எளியவர்களிடம் மட்டுமே கேட்டதுதான். 'அடக்கமான பெண்' என்கிறோம். அடக்கமான மாமனார் வேண்டும் என்று எந்தப் பெண் வீட்டாரும் கேட்பதில்லை. கூலிக்காரர் நிமிர்ந்து பேசினால் அடங்காதவர். பண்ணையார் கத்தினால் கோபக்காரர். வள்ளுவரோ அதே அதிகாரத்தில் பணிவு எல்லோருக்கும் நல்லது, செல்வர்க்கோ அது இன்னொரு செல்வம் என்கிறார். 'ஐந்தடக்கல்' என்று பிறவினையை எடுக்கும்போதும் அடக்கப்படுபவை தன்னுடைய ஐம்புலன்களே, அடுத்தவர் அல்லர். பிறரால் அடக்கப்பட்டவர்கள் அடங்க மறுப்பதில் ஒரு பிழையும் இல்லை.

'நிலையின் திரியாது அடங்கியான் தோற்றம் மலையினும் மாணப் பெரிது' என்ற குறளை மகனோடு உட்கார்ந்து படியுங்கள். தன் நிலையிலிருந்து பிறழாமல் அடங்கியவன் மலையைவிடப் பெரியவனாகத் தெரிகிறான். பயந்து ஒடுங்கியவனை யாரும் மலையோடு ஒப்பிட மாட்டார்கள்.

என் பெரியப்பா ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டியவர். ஒருமுறை நடு ஆற்றில், கூலித் தகராறில், வந்திருந்தவர்களில் ஒருவர் அவரைச் சாதி சொல்லித் திட்டியிருக்கிறார். பெரியப்பா ஒரு வார்த்தை பேசாமல் கரை சேர்த்தார். அவர்களில் இருந்த குழந்தையைத் தூக்கி இறக்கிவிட்டார். அதன் பிறகுதான் அந்த மனிதரை நிறுத்தி, முகத்துக்கு நேராகக் கேட்க வேண்டியதைக் கேட்டார். அன்று இரவு களியைப் பிசைந்துகொண்டே, "ஆற்றில் ஏன் பேசாமல் இருந்தீர்கள்?" என்ற என் கேள்விக்கு, "துடுப்பு என் கையில் அல்லவா இருந்தது" என்றார். சினம் செல்லக்கூடிய இடத்தில் காப்பவனே சினம் காப்பவன், செல்லாத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன என்ற குறள் பின்னாளில் எனக்கு உரையே இல்லாமல் விளங்கியது.

இன்னொரு சான்று நம் தகடூர் மண்ணிலேயே, இன்றைய தருமபுரியிலேயே, இருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சி நெல்லிக்கனி தந்ததை எல்லோரும் அறிவார்கள். ஆனால் புறநானூறு 91ஆம் பாட்டில் ஔவையார் அந்த ஈகையைச் சொல்லும் இடத்தில் எந்த வினையைப் போட்டிருக்கிறார் என்று பாருங்கள்: 'ஆதல் நின்அகத்து அடக்கிச் சாதல் நீங்க எமக்கு ஈத்தனையே.' மலைப்பிளவில், ஏறுவதற்கு அரிய உச்சியில் இருந்த கனி அது. உண்டால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். தானே உண்டிருக்கலாம், தடுப்பார் யாருமில்லை. கொடுக்கும்போதாவது அதன் பெருமையைச் சொல்லியிருக்கலாம். அதையும் நெஞ்சுக்குள் அடக்கிக்கொண்டு, சும்மா ஒரு பழம் தருவதுபோலத் தந்தான். சொல்லியிருந்தால் ஔவையார் அதை வாங்கியிருப்பாரா?